முடியைப் பிளந்த கத்தி

தலைமுடி ஒன்றை விரலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதைக் கத்தியால் நீளவாக்கில் இரண்டாக வகுந்து பார்த்திருக்கிறீர்களா? என் வயதுக்காரர்களைக் கேட்டால் பாதிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். அதில் முக்கால்வாசி புளுகு. நான் நிஜமாகவே பார்த்திருக்கிறேன். ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்பக்கச் சந்தில் எங்கள் ஓட்டு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, பட்டப்பகலில் என் அக்கா வகுந்து காட்டினாள். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது இருக்கும். எனக்கு எட்டு.

போன மாதம் என் பேரன் ஒரு கத்தி வாங்கி வந்தான். ஏதோ வெளிநாட்டுச் சரக்காம். "ஆயா, பேப்பர வெட்டுது பாரு" என்று காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டிக் காட்டினான். நன்றாகத்தான் வெட்டியது. அவன் கைதட்டலை எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். கிழவிக்குக் கோபம் எதற்கென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. உங்களிடம் சொன்னால் புரியும். நாமெல்லாம் ஒரே காலத்தில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியவர்கள்.

எங்கள் நைனா துறைமுகத்தில் லாஞ்சியில் லஸ்கராக இருந்தார். லாஞ்சி என்றால் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப் போகும் சின்ன எஞ்சின் படகு. கயிறு கட்டுவது, அவிழ்ப்பது, தளம் கழுவுவது, எஞ்சின் ஆளுக்கு டீ வாங்கி வருவது, இதுதான் லஸ்கர் வேலை. ஆனால் நைனாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. துறைமுகத் தண்ணீரில் அறுந்த கயிறுகள் மிதக்கும். அது லாஞ்சியின் அடியில் சுழல்கிற விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டால் எஞ்சின் நின்றுவிடும். அப்போது ஒருவன் கத்தியோடு முங்கி அந்தக் கயிற்றை அறுத்தெடுக்க வேண்டும். நைனாவுக்கு மூச்சு அதிகம். மற்ற லாஞ்சிக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அதற்கு அவர் வைத்திருந்தது துருப்பிடித்த ஒரு மீன் கத்தி. கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும். அதோடு ஒழுங்காகத்தான் இருந்தார். ஒரு கப்பல்காரனின் கைக்கடிகாரம் தண்ணீரில் விழுந்து, நைனா அதை முங்கி எடுத்துக் கொடுத்ததும் வந்தது வினை. அந்த வெள்ளைக்காரன் சந்தோஷத்தில் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அந்தக் கத்தியை நான் இன்றும் வரைந்து காட்டுவேன். எலும்புக் கைப்பிடி, ஆறின பால் நிறம். ஓரங்களில் பித்தளை. கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொள்ள அடியில் ஒரு வளையம். நகத்தை விட்டு நெம்பினால் 'டக்'கென்று திறக்கும். மூடும்போது அதைவிடப் பெரிய சத்தம். நைனா சாப்பிடும்போதுகூடத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். அம்மா தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, "இன்னா, அத்தயும் தின்னப் போறியா?" என்று கேட்பாள்.

கத்தி வந்தபோது அதன் கூர் மழுங்கியிருந்தது. நைனா ஓட்டுத் துண்டில் வைத்துத் தேய்த்தார். அவருக்குப் பொறுமை கிடையாது. நாலு தேய்ப்பு, ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி நாலு தேய்ப்பு. ஒரு வாரத்தில் கத்தி ரம்பம்போல் ஆகிவிட்டது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் ஓடு. ஓடு சீக்கிரம் அரிக்கும், ஆனால் கோடு கோடாக விழும். அடுத்து துணி துவைக்கிற கல், பாசி பிடிக்காத பக்கம். அதுவும் போதவில்லை. பிறகு ஒரு நாள் என் பள்ளிக்கூடச் சிலேட்டைக் கேட்டாள். நான் தரமாட்டேன் என்று அழுதேன். எனக்கே தெரியாமல் எடுத்து, பின்பக்கத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்திருக்கிறாள். அதன் பிறகு அந்தச் சிலேட்டில் எழுதினால் பலப்பம் வழுக்கும். கத்தி மட்டும் மின்னியது. சிலேட்டில்தான் நல்ல பதம் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. வாத்தியாரிடம் நான் வாங்கிய அடி தனி.

எங்கள் சந்து முனையில் பூவரச மரத்தடியில் ஒரு நாவிதர் உட்கார்ந்திருப்பார். அவர் கத்தியைத் தோல் வாரில் தட்டித் தட்டி இழுப்பதை நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்ப்போம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டுவார். போவதுபோல் போய்த் திரும்பி வருவோம். கத்தியைத் திருப்பும்போது அவர் அதன் முதுகின் மேல் புரட்டினாரே ஒழிய, கூர்ப்பக்கமாகப் புரட்டவே இல்லை. அக்கா அதைக் கவனித்துவிட்டாள். கூர்ப்பக்கமாகப் புரட்டினால் ஏற்றிய பதம் இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து நைனாவின் பழைய பெல்ட்டைக் கதவுக் கொண்டியில் மாட்டி, சலித்த அடுப்புச் சாம்பலும் விளக்கெண்ணெயும் குழைத்துத் தடவி, அதில் இழுக்க ஆரம்பித்தாள்.

எனக்கும் கொஞ்சம் கைவந்தது. கத்திக்கும் கல்லுக்கும் இடையே ஒரு தீக்குச்சி நுழைகிற சாய்வு போதும். அந்தச் சாய்வு கடைசி வரை மாறக் கூடாது. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் ஒரு பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் உரசினால் தட்டும். அது முனையிலிருந்து அடி வரை ஒரே சீராக எழும்பிய பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். அந்தப் பிசிறைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்குவதுதான் எல்லா வேலையும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பாள். சத்தத்திலேயே தெரியும் என்பாள். முதலில் கரகரவென்று இருக்கும் சத்தம் போகப் போகத் தணிந்து, கடைசியில் காதை வைத்தால்தான் கேட்கும்.

ஒரு முறை என் விரலை அறுத்துக்கொண்டேன். வலியே இல்லை. சிலேட்டில் ஓடிய தண்ணீர் சிவப்பானதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அக்கா காப்பித்தூளை வைத்து அழுத்திக் கட்டினாள். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினாள். நான் சொல்லவில்லை, அதற்கு லஞ்சமாகக் கமர்கட் வாங்கிக்கொண்டேன்.

அவள் முடியைப் பிளந்து காட்டிய அன்று நைனா வாயைப் பிளந்தார். அவர் கை ரோமத்தில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள். ஒரு பட்டை அளவு மழமழவென்று ஆகிவிட்டது. மறுநாள் அவர் அதை லாஞ்சிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அங்கே எல்லோரிடமும் ஒரு மடக்குக் கத்தி உண்டு. ஓய்வு நேரத்தில் யார் கத்தி கூர் என்று பந்தயம் கட்டுவது வழக்கமாகிவிட்டது. தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். முன்கையைச் சிரைப்பது, புகையிலையைக் காகிதத்தைவிட மெலிதாகச் சீவுவது, இப்படி. நைனாவை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. முன்கை ரெண்டும் சிரைத்துச் சிரைத்துக் கோழி உரித்ததுபோல் வீட்டுக்கு வருவார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பதம் மகள் பிடித்தது என்று அவர் அங்கே சொல்லவே இல்லை. தானே பிடித்ததாகச் சொல்லிக்கொண்டார். அவர் கூட்டாளி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, உங்கப்பன் கை தெய்வக் கை என்று மெச்சியபோது, நைனா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் சிரித்தாள். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஐப்பசி மழை தொடங்குகிற சமயத்தில் அக்கா பெரியவளானாள். எங்கள் வீட்டில் நைனாவின் அக்கா, தாலியறுத்த பிறகு எங்களோடு வந்துவிட்ட அத்தை, அவள் ராஜ்ஜியம்தான் நடந்தது. சடங்கு முடிந்த கையோடு அத்தை சட்டம் போட்டாள். மாதத்தில் அந்த மூன்று நாளும் பின்பக்கம் குளிக்கிற மறைப்புக்குப் பக்கத்தில் கோணிப்பையில்தான் அக்கா உட்கார வேண்டும். தனித் தட்டு, தனிக் குவளை. தண்ணீரில் இறங்குகிற ஆம்பளையின் சாமானை அவள் தொடவே கூடாது. தொட்டால் அவனைக் கடல் விடாதாம். எங்கள் ஆட்களில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வலையைத் தாண்டக்கூட விட மாட்டார்கள். மற்ற நாட்களிலும் பெரியவளான பெண் ஆம்பளைக் கத்தியை எடுப்பது நன்றாக இல்லை என்று அத்தை சொன்னாள். நைனா தலையாட்டினார். ஆட்டிவிட்டு, அத்தை கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துக் கத்தியை அக்காவிடம் நீட்டினார். பந்தயம் நிற்கவில்லையே.

அதே மழையில்தான் கயிறு விஷயம் நடந்தது. வீட்டில் துணி காயப்போடக் கட்டியிருந்தது, நைனா துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த தடித்த மணிலாக் கயிறு. மழையில் ஊறித் தொங்கியது. அதை அறுத்துச் சின்னதாகக் கட்டு என்றாள் அம்மா. அக்கா அந்தக் கத்தியை எடுத்தாள். முடியைப் பிளக்கிற கத்தி, ஈரக் கயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி இழுத்தாள். மேலே ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். உள்ளே இறங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கத்தியை ஓட்டில் வைத்து ரெண்டு தேய் தேய்த்துப் பதத்தைக் கெடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள். நாரைக் கடித்துக்கொண்டு சரசரவென்று இறங்கிவிட்டது. காய்ந்த கயிற்றிலும் ஈரக் கயிற்றிலும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். ரொம்ப வழவழப்பான கூருக்கு ஊறின நாரைப் பிடிக்கிற பல் இல்லை. இதை இன்றைக்கு எனக்கு வார்த்தையாகச் சொல்லத் தெரிகிறது. அன்று அவள் கைக்குத் தெரிந்தது.

நைனா வந்ததும் சொன்னாள்.

"ஈரக் கவுத்துல வயுக்குது நைனா. கொஞ்சம் சொரசொரன்னு வுட்டாத்தான் அறுக்குது."

நைனா பல்லைக் குத்திக்கொண்டே, "கவுறு அறுக்கறத நீ எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா?" என்றார்.

அந்தப் பதம் ஏறிய பிறகு அவருக்கு ஒரு தடவைகூட முங்க வேண்டி வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கத்தி இருந்ததெல்லாம் டீப் பந்தயத்தில்தான். பழைய மீன் கத்தியை லாஞ்சியில் வெங்காயம் நறுக்கப் போட்டுவிட்டார்.

அக்கா அப்பாவை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அடுத்த முறை கத்தி கைக்கு வந்தபோது சிலேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் கடைசியாக ஓட்டில் மெல்ல ஒரு இழுப்பு இழுத்து அனுப்பிவிட்டாள். பார்த்தால் தெரியாது. ஆனால் பந்தயத்தில் தெரிந்துவிட்டது. கை ரோமம் சிரைக்காமல் பிடுங்கியிருக்கிறது. நைனா தோற்றார். எல்லோரும் கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவைக் கன்னத்தில் அறைந்தார். அவள் மூக்குத்தி எகிறிப் போய் விழுந்தது. நான் தரையில் தவழ்ந்து தேடி எடுத்தேன். அவர் கத்தியை அவள் மடியில் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். அவள் அழுதுகொண்டே சிலேட்டில் தேய்த்தாள். முடியைப் பிளந்து காட்டுகிற வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கார்த்திகை முடிகிற சமயம். அன்று காலை அக்கா பின்பக்கம் கோணிப்பையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குக் கஞ்சிக் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். நைனா வந்தார். காக்கி அரை டிராயர், கழுத்தில் துண்டு. சிலேட்டையும் பெல்ட்டையும் கத்தியையும் அவள் முன்னால் வைத்தார்.

அக்கா பின்னால் நகர்ந்து, "நைனா, நான் தூரம்" என்றாள்.

"தெர்யும். பேசாம புட்சிக் குடு. இன்னிக்கி வேற லாஞ்சிக்காரனுங்க வரானுங்க."

அவள் கையை நீட்டவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். போன மாதம் வாங்கிய அறை அவளுக்கு மறந்திருக்காது. எடுத்தாள். அவர் முகம் கழுவப் போனார். சிலேட்டின் மேல் கத்தி போகிற சத்தம் தணிந்து தணிந்து கேட்காமல் போகிற வரை நான் அங்கேயே இருந்தேன்.

பெல்ட்டில் இழுக்கிற நேரத்தில் அத்தை வந்துவிட்டாள். பார்த்தவள் வாயில் துணியை வைத்துக்கொண்டாள். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தூரமாகக் குந்திக்கொண்டு, தண்ணியில் இறங்குகிறவன் கத்தியைத் தொட்டுக்கொண்டு, நீ அவனுக்கு மகளா எமனா என்று. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். நைனா முகத்தில் தண்ணீர் சொட்ட வந்து நின்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இப்போது சொல்லுவார் என்று ரெண்டு பேரும் நினைத்தோம். அவர் குனிந்து அவள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினார். அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். "நேரமாச்சி" என்றார். போய்விட்டார். அவர் கடைசியாக எங்களிடம் பேசியது அதுதான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு லாஞ்சியிலிருந்து ஆள் வந்தான். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பானையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அவன் அழுதான். அரிசி கீழே கொட்டவும் இல்லை, பானை உடையவும் இல்லை. அத்தைதான் முதலில் அலறினாள்.

நைனாவைத் தூக்கி வந்தபோது அவர் வலது மணிக்கட்டில் கயிறு இறுகிய தடம் பச்சையாகத் தெரிந்தது. சிரைத்த முன்கையில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. அக்கா பின்பக்கத்திலிருந்து வரக் கூடாது என்று அத்தை ஆளை நிறுத்தியிருந்தாள். நைனாவின் முகத்தை அக்கா பார்க்கவில்லை. அவள் அங்கேயிருந்து ஓலமிட்டது மட்டும் பாடை சந்தைத் தாண்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தது.

கருமாதி அன்று நைனாவின் சாமான்களைக் கொடுக்க லாஞ்சியின் தண்டல் வந்தார். தண்டல் என்றால் லஸ்கர்களுக்குத் தலைவர். நரைத்த மீசை, கரகரத்த குரல். நைனாவின் சோற்றுத் தூக்கு, ஒரு சட்டை, அந்தக் கத்தி மூன்றையும் அம்மாவின் முன் வைத்தார். உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். என்ன நடந்தது என்று சொன்னார்.

சரக்குப் படகின் இழுவைக் கயிறு அறுந்து விசிறியில் சுற்றிக்கொண்டது. நைனா முங்கினார். "மொத தபா எழுந்தான். வயுக்குதுன்னான். அவ்ளோதான் சொன்னான், மறுக்கா முங்கிட்டான்" என்றார் தண்டல். ரெண்டாம் தடவை அலையில் லாஞ்சி நகர்ந்து, தளர்ந்திருந்த கயிறு நைனாவின் கையோடு இறுகிவிட்டது. ஆள் எழாததைப் பார்த்து இன்னொருவன் வெங்காயம் வெட்டுகிற பழைய மீன் கத்தியோடு குதித்திருக்கிறான். அந்தத் துருக் கத்தி கயிற்றை நாலே இழுப்பில் அறுத்துவிட்டது. ஆனால் அதற்குள் மூச்சு போய்விட்டது. இத்தனை கூரான கத்தி ஏன் அறுக்கவில்லை என்பதுதான் துறைமுகம் முழுக்கப் பேச்சு என்றார்.

அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கத்தி ஏன் அறுக்கும், தூரமானவள் எடுத்துவைத்து விளையாடின கத்தி என்று. கூட்டம் அக்காவின் பக்கம் திரும்பியது. கிசுகிசுப்பு எழுந்தது. கடல்தாய் வாங்கிக்கொண்டாள் என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா எழுந்தாள். அவ்வளவு பேர் நடுவில் அவள் நடந்து வந்ததை என்னால் மறக்க முடியாது. கத்தியை எடுத்துத் திறந்தாள். தன் முன்கையில் வைத்து இழுத்தாள். பூனை ரோமம் உதிர்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பிறகு துணிக்கொடிக் கயிற்றை இழுத்து வாளித் தண்ணீரில் முக்கினாள். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். அறுத்தாள். வழுக்கியது. மறுபடி அறுத்தாள். மறுபடி வழுக்கியது. தண்டல் அருகே வந்து குனிந்தார். அக்கா ஓட்டுத் துண்டை எடுத்து அதில் கத்தியை ரெண்டு தேய் தேய்த்துவிட்டு மீண்டும் இழுத்தாள். கயிறு அறுந்து, நான் பின்னால் விழுந்தேன்.

தண்டலுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தை பேசிவிட்டாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்போ உனுக்குத் தெர்ஞ்சிகீது. ஈரக் கவுத்த அறுக்காதுன்னு தெர்ஞ்சேதான் என் தம்பி கையில குட்த்து அனுப்பிகீற."

அக்காவுக்குப் பதில் இருந்தது. சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை, அடித்து வாங்கிக்கொண்டு போனார், அன்றைக்கும் அவர்தான் வந்து கொடுத்தார் என்று சொல்லலாம். கருமாதி அன்று, படையலுக்கு முன்னால், தாலி இறக்கிய அம்மாவின் எதிரில் அதை எப்படிச் சொல்வது? அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் சொல்லப் போனேன். "நைனாதான்..." என்று வாயைத் திறந்ததும் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அழுத்தமான கை. அதில் விபூதியும் எண்ணெயும் மணத்தது. மூச்சு முட்டுகிற வரை எடுக்கவில்லை.

அடுத்த நாளே யாரோ கத்தியைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தார்கள். அந்தத் தை மாதமே அத்தை தன் புகுந்த வீட்டு உறவில், மீஞ்சூர்ப் பக்கம் மனைவி செத்துப்போன தவிட்டு வியாபாரி ஒருவருக்கு அக்காவைக் கட்டி வைத்தாள். அவருக்கு நரை விழுந்திருந்தது. ரெண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பதினாலு வயதுகூட முழுதாக ஆகாத பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பனை விழுங்கினவளைக் கட்டிக்கொள்ள ஒருவன் கிடைத்தானே என்று ஊர் மூக்கின் மேல் விரல் வைத்தது. அக்கா ரயிலேறும்போது அழவில்லை.

ராயபுரத்தில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவளைக் கூப்பிடவில்லை. என் கல்யாணத்துக்கு நான் அடம்பிடித்து வரவழைத்தேன். மாப்பிள்ளை லாஞ்சியில் வேலை பார்க்கிறவர் என்பதால், முகூர்த்தத்துக்கு முன் அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மணையில் உட்கார்ந்து சண்டை போட்டேன். பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். தாலி ஏறும்போது அவள் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மீஞ்சூருக்கு ரெண்டு மூன்று முறை போயிருக்கிறேன். அவள் வீட்டு அரிவாள்மனையில் கத்திரிக்காய்கூட நசுங்கித்தான் அறுபடும். கொடு, நான் தீட்டித் தருகிறேன் என்றேன். சட்டென்று பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். "இதுவே போதும்" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. நாலாவது பிரசவத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கவில்லை. அம்மா போகவில்லை. நான் மட்டும் போனேன்.

அம்மா ரொம்ப காலம் இருந்தாள். கடைசியில் என்னோடுதான், திருவொற்றியூரில். கண் மங்கிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. ஒரு மத்தியானம் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, படுத்தபடியே தானாகச் சொன்னாள்.

"நான் பாத்தன்டி. அன்னிக்கிக் காலீல அவருதான் கத்தியக் கொண்டாந்து அவ முன்னால வெச்சாரு. அடுப்பாண்டருந்து பாத்தன்."

என் கை நின்றுவிட்டது. அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பெற்ற தாய் நீ, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தலையெழுத்தே மாறியிருக்குமே, என் வாயையும் சேர்த்துப் பொத்தினாயே என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவர் மேல பழியப் போட்டா அவரு எங்க போய் எறக்கி வெப்பாரு? உசுரோட கீறவ, தாங்கிப்பான்னு நெனச்சேன்."

"அவளும் செத்துட்டாம்மா" என்றேன்.

அவள் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.